ஊர்காவற்றுறையில் ஆப், ரொறன்ரோவில் விளம்பரம்

நெடுந்தீவிலோ நயினாதீவிலோ இருந்துகொண்டு தனி ஆளாக ஒரு ஆப் செய்து, அதை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்து, உள்ளே வரும் விளம்பரத்தால் காசு உழைக்கலாமா? உழைக்கலாம். ஆனால் அந்தக் காசைக் கொண்டுவரும் கண்கள் பெரும்பாலும் தீவில் இருக்காது. ரொறன்ரோவிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் லண்டனிலும் இருக்கும். ஆப் செய்யும் தொழில்நுட்பத்தை இன்று யூடியூப் பார்த்தே படித்துவிடலாம். யாழ்ப்பாணத்தில் 2012 முதல் யாழ் ஐடி ஹப் நடத்திவரும் யாழ் கீக் சலஞ்ச் போன்ற போட்டிகளில் இறங்கிப் பழகலாம். அந்தக் கண்களைப் பற்றிய கணக்கைத்தான் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை.

ஆப்பில் விளம்பரம் எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ஆப் செய்தவர் எந்த விளம்பரதாரரையும் தேடிப் போவதில்லை. இடையில் ஒரு தரகர் இருக்கிறார். தனி ஆளாக வேலை செய்பவர்களில் பெரும்பாலானோருக்கு அந்தத் தரகர் கூகிளின் அட்மொப். 2006 இல் அமெரிக்காவில் ஓமர் ஹமூயி என்ற மாணவர் தொடங்கிய நிறுவனம் அது. 2009 நவம்பரில் 75 கோடி டொலருக்கு வாங்குவதாகக் கூகிள் அறிவித்து, அடுத்த வருடம் மே மாதம் வாங்கி முடித்தது. அட்மொப் தரும் நிரல்துண்டு ஒன்றை ஆப்புக்குள் வைக்க வேண்டும். யாராவது ஆப்பைத் திறக்கும்போது அந்தத் துண்டு, "இன்ன நாட்டில், இன்ன வகைப் போனில், இன்ன மொழியில் ஒருவர் வந்திருக்கிறார், யாருக்கு வேண்டும்?" என்று கூகிளிடம் கேட்கிறது. கண் இமைக்கும் நேரத்துக்குள் விளம்பரதாரர்களின் கணினிகளுக்கிடையில் ஒரு ஏலம் நடக்கிறது. கரையில் மீன் கூறுவது போலத்தான். கூடக் கேட்டவருக்கு இடம். கூகிள் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஆப்காரரின் கணக்கில் போடுகிறது.

மீன் எந்தக் கரையில் கூறப்படுகிறதோ அந்தக் கரையின் விலைதான் கிடைக்கும். ஆப்பை எழுதியவர் எங்கே இருக்கிறார் என்பது ஏலத்துக்குத் தேவையே இல்லை. பார்க்கிறவர் எங்கே இருக்கிறார் என்பதில்தான் விலை தொங்குகிறது. கனடாவில் இருக்கிற ஒருவருக்குக் கார் காப்புறுதியும் வீட்டுக் கடனும் விற்கத் துடிப்பவர்கள் ஏராளம். அங்கே ஒரு வாடிக்கையாளர் கிடைத்தால் அவர்களுக்கு ஆயிரக்கணக்கான டொலர் வரும், அதனால் ஒரு பார்வைக்குக் கொஞ்சம் கூடவே கொடுக்கத் துணிகிறார்கள். வேலணையில் இருக்கிற ஒருவருக்கு விளம்பரம் காட்டப் போட்டி போடுபவர்கள் குறைவு.

இதை அளக்கும் அளவுகோல், ஆயிரம் தடவை விளம்பரம் காட்டினால் எவ்வளவு வருகிறது என்பது. ஆப்காரர்கள் இதை ஈசிபிஎம் என்பார்கள். ஒரு கணக்குக்காக, திரையின் அடியில் வரும் பட்டை விளம்பரத்துக்கு இலங்கையில் ஆயிரத்துக்கு 10 சதம், கனடாவில் 1 டொலர் என்று வைப்போம். இவை நான் கணக்குக்காக எடுத்த எண்கள். உண்மை எண் மாதத்துக்கு மாதம், ஆப்புக்கு ஆப் மாறும். ஆனால் இரண்டுக்கும் இடையிலான தூரம் எப்போதும் பல மடங்குதான். தினமும் ஆயிரம் பேர் ஆப்பைத் திறக்கிறார்கள், ஒவ்வொருவரும் ஐந்து விளம்பரம் பார்க்கிறார்கள் என்றால் மாதம் 150,000 பார்வைகள். எல்லாரும் இலங்கையில் என்றால் மாதம் 15 டொலர். டொலர் 300 ரூபாய் என்று பிடித்தால் 4,500 ரூபாய். அதே ஆயிரம் பேரும் கனடாவில் என்றால் 150 டொலர், 45,000 ரூபாய். செய்த வேலை ஒன்றுதான், ஆப்பும் ஒன்றுதான்.

நெடுந்தீவின் சனத்தொகை நாலாயிரத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. அங்கே கைக்குழந்தை முதற்கொண்டு எல்லாருமே ஆப்பைத் தினமும் திறந்தாலும், இந்தக் கணக்கில் மாதம் 60 டொலரைத் தாண்டாது. புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, ஊர்காவற்றுறை என்று எல்லாவற்றையும் கூட்டினாலும் கதை பெரிதாக மாறாது. ஆனால் இந்த ஊர்களுக்கெல்லாம் வெளியே இன்னொரு ஊர் இருக்கிறது. இந்தத் தீவுகள் அடங்கிய தீவகத்தில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரொறன்ரோவில் ஊர்ச்சங்கம், பாரிஸில் ஊர்ச்சங்கம், பாடசாலையின் பழைய மாணவர் சங்கம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்ஸ்அப் குழு. பெரிய நிறுவனங்கள் காசு செலவழித்துத் தேடும் பார்வையாளர்கள், தீவகப் பெடியன் ஒருவனின் போனில் தொடர்பு இலக்கங்களாகவே கிடக்கிறார்கள்.

சரி, அவர்களுக்கு என்ன ஆப் செய்வது? எல்லாருக்கும் முதலில் தோன்றுவது படகு நேரம். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு எத்தனை மணிக்குப் படகு, 776 ஆம் இலக்க பஸ் எப்போது வரும், ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் பாதை ஓடுகிறதா, இன்றைக்குக் கடல் எப்படி. நல்ல ஆப், ஊருக்கு உதவும், செய்யத்தான் வேண்டும். விளம்பரக் காசுக்கு மட்டும் அது சரிவராது. முதலாவது காரணம், அதைத் திறக்கிறவர் பயணம் போகிற அன்றைக்கு மட்டும் திறக்கிறார், இரண்டு வினாடியில் நேரத்தைப் பார்த்துவிட்டு மூடுகிறார். இரண்டாவது காரணம் இன்னும் வேடிக்கை. விளம்பரம் ஒவ்வொரு தடவையும் இணையத்திலிருந்து இறங்க வேண்டும். இறங்குதுறையிலும் நடுக்கடலிலும் சிக்னல் இழுபடும் நேரத்தில்தான் இந்த ஆப்பைத் திறக்கிறார்கள். நேர அட்டவணை போனிலேயே சேமித்திருப்பதால் தெரியும், விளம்பரத்துக்குரிய இடம் வெறுமையாக இருக்கும்.

நயினை நாகபூஷணி அம்மன் கோயில் திருவிழாவுக்கென்று ஒரு ஆப் செய்தால்? ஆனி மாதத்தில் கொடியேறி முடியும்வரை பிரமாதமாக ஓடும், பிறகு பதினொரு மாதம் தூங்கும். விளம்பர விலைக்கும் ஒரு காலம் உண்டு. மேற்கு நாடுகளில் ஒக்டோபர் தொடங்கி நத்தார் வரை ஏறும், ஜனவரி பிறந்ததும் விழும். திருவிழா அந்த ஏற்றத்தில் வருவதில்லை.

தினமும் திறக்கிற ஆப்தான் வேண்டும். தமிழில் இதற்கு நல்ல முன்மாதிரி நாட்காட்டி. தமிழ்நாட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோட்டிலிருந்து வருவது நித்ரா தமிழ் நாட்காட்டி. சென்னையும் இல்லை, பெங்களூரும் இல்லை, நாமக்கல் மாவட்டத்தில் ஒரு நடுத்தர ஊர். அந்த ஆப்பை ஒரு கோடிக்கும் மேற்பட்ட தடவை தரவிறக்கியிருக்கிறார்கள். இலவசம், உள்ளே விளம்பரம். இன்று அது ஊழியர்கள் உள்ள நிறுவனம், தனி ஆள் கதை அல்ல. ஆனாலும் அது சொல்லும் சங்கதி தனி ஆளுக்கும் பொருந்தும். நல்லநேரம், இராகுகாலம், விரத நாள் பார்ப்பது சனத்துக்கு ஏற்கெனவே இருந்த பழக்கம். சுவரில் தொங்கியதைப் போனுக்கு மாற்றியதுதான் வேலை. இலங்கையில் சிங்கள விசைப்பலகையாக 2011 இல் வந்த ஹெலகுருவும் இதே வழியில்தான் வளர்ந்தது. புதுப் பழக்கம் எதையும் அது உண்டாக்கவில்லை. சனம் தினமும் செய்கிற காரியம் ஒன்றுக்குள் போய் உட்கார்ந்தது.

நாட்காட்டியில் தீவகத்தானுக்கு என்ன புதிதாகச் செய்ய இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இரண்டு பஞ்சாங்கம். கொக்குவில் இரகுநாதையரின் வாக்கிய பஞ்சாங்கம் பார்க்கிற வீடு, திருக்கணிதம் பார்க்கிற வீடு. சில விரதங்கள் இரண்டிலும் வெவ்வேறு நாளில் வரும். ஊரிலேயே இந்தக் குழப்பம் என்றால் ரொறன்ரோவில் இன்னும் பெரிது. இங்கே பகல் ஏறத்தாழ பன்னிரண்டு மணித்தியாலம், அதை எட்டாகப் பிரித்தால் இராகுகாலம் ஒன்றரை மணித்தியாலம். ரொறன்ரோவில் ஜூன் மாதக் கடைசியில் பகல் பதினைந்தரை மணித்தியாலத்துக்குக் கிட்ட வரும். இராகுகாலம் இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. டிசெம்பரில் பகல் ஒன்பது மணித்தியாலம்கூட இல்லை, இராகுகாலம் ஒரு மணித்தியாலமும் சில நிமிடமும். யாழ்ப்பாணக் கலண்டரில் போட்டிருக்கும் நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்காபரோவில் வீடு குடிபுகுகிறவர் தவறான நேரத்தில்தான் பால் காய்ச்சுகிறார். அமாவாசைத் திதி இங்கே காலையில் தொடங்கினால் அங்கே முதல் நாள் இரவிலேயே தொடங்கியிருக்கும், ஆகவே அப்பாவின் திதியை எந்த நாளில் கொடுப்பது? போன் இருக்கும் இடத்தின் சூரிய உதயத்தை எடுத்து, இரண்டு பஞ்சாங்க முறையிலும் கணித்து, யாழ்ப்பாண வழக்கின்படி விரதங்களைச் சொல்கிற ஒரு ஆப்புக்கு அங்கே தினசரித் தேவை இருக்கிறது. இராகுகாலம் பகலின் எட்டில் ஒரு பங்கு என்பதால் அந்தக் கணக்கு ஒரு பின்னேரத்து வேலை. திதி, நட்சத்திரம் கடினம். வாக்கிய முறை அதைவிடக் கடினம், தெரிந்த ஐயர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். கடினமாக இருப்பதும் நல்லதுக்குத்தான். சுலபமாயிருந்தால் ஏற்கெனவே பத்துப் பேர் செய்திருப்பார்கள்.

விளம்பரத்தை எங்கே வைப்பது? அடியில் ஓடும் பட்டை, பட்டியலுக்கு நடுவே அதன் சாயலிலேயே வருவது, முழுத்திரையையும் மறைப்பது, ஒரு வீடியோவைப் பார்த்தால் ஏதாவது பரிசு தருவது என்று வகைகள் உண்டு. முழுத்திரைக்கும் பரிசு வீடியோவுக்கும் விலை கூட. அதனால் புதிதாக வருகிறவர்கள் கைவைப்பது முழுத்திரையில். விளையாட்டு ஆப்பில் ஒரு கட்டம் முடிந்ததும் காட்டினால் பொறுப்பார்கள். பத்து வினாடி இராகுகாலம் பார்க்க வந்த அம்மம்மாவின் முகத்துக்கு நேரே முழுத்திரை விளம்பரத்தை எறிந்தால் அன்றைக்கே பேரப்பிள்ளையிடம் கொடுத்து அழிக்கச் சொல்லிவிடுவார். அதற்கு மேல், ஆப்பைத் திறந்த உடனேயும் எதிர்பாராத இடத்திலும் முழுத்திரை விளம்பரம் காட்டுவதைக் கூகிள் பிளே 2022 செப்டெம்பர் 30 முதல் தடுத்திருக்கிறது. நாட்காட்டிக்கு அடியில் ஒரு பட்டையும் பட்டியல் நடுவே ஒன்றும் போதும். இன்னொரு சங்கடமும் இருக்கிறது. திகதியும் திதியும் முகப்புத் திரையிலேயே தெரியும்படி விட்ஜெட் வைத்தால் சனத்துக்கு நல்ல விருப்பம், ஆனால் அவர்கள் ஆப்பைத் திறக்க மாட்டார்கள், விட்ஜெட்டில் விளம்பரம் போடவும் முடியாது. என் கருத்தில் வைப்பதே நல்லது. விட்ஜெட் இருக்கிற ஆப்பை யாரும் இலேசில் அழிப்பதில்லை.

அட்மொப்பில் விளம்பர வகைகளைத் தடுக்கும் பக்கம் ஒன்று உண்டு. அதைப் பலர் திறந்தே பார்ப்பதில்லை. சூதாட்டம், துணை தேடுவது போன்ற வகைகளை அங்கே நிறுத்திவிடலாம். அம்மன் படத்துக்குக் கீழே அரைகுறை உடையில் ஒரு பெண் "உங்கள் அருகில்" என்று சிரித்தால் ஊர்க்குழுவில் அன்றிரவு வேறு கதை இருக்காது. இதனால் சில சதம் குறையும், குறையட்டும்.

இனிக் கிளிக். விளம்பரத்தைப் பார்த்தாலும் காசு வருகிறது, அமத்தினால் இன்னும் வரும். இதைக் கேள்விப்பட்ட சொந்தக்காரரிடமிருந்து இப்படி ஒரு குரல்பதிவு வருவது நிச்சயம்: "தம்பி, உன்ர ஆப்பைப் போட்டிட்டன். நாளாந்தம் வேலைக்கு வெளிக்கிட முதல் பத்துத் தரம் விளம்பரத்தை அமத்திப்போட்டுத்தான் போறன். சித்திக்கும் சொல்லியிருக்கிறன்." பாசம்தான். ஆனால் கணக்குப் பறிபோவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. ஒரே ஆட்கள், ஒரே வீட்டு இணையம், விளம்பரதாரரின் பக்கத்தில் ஒரு வினாடிகூட நிற்காத கிளிக்குகள். இவற்றைக் கூகிளின் கணினிகள் கண்டுபிடித்துவிடும். முதலில் அந்தக் கிளிக்குகளுக்கான காசைக் கழிக்கும், பிறகு விளம்பரம் வருவதை மட்டுப்படுத்தும், முற்றினால் கணக்கையே மூடும். மூடினால் சேர்ந்திருந்த காசும் போகும். புதுக் கணக்கு திறப்பதும் நடவாத காரியம். ஆகவே குழுவில் ஆப்பின் இணைப்பைப் போடும்போதே ஒரு வரி சேர்க்க வேண்டும்: "மாமாமார், மாமிமார், விளம்பரத்தை எனக்காக அமத்தாதேங்கோ. தேவையெண்டால் மட்டும் அமத்துங்கோ." ஆப் செய்கிறவரும் தன் போனில் உண்மை விளம்பரத்தை வைத்துச் சோதிக்கக் கூடாது. அதற்கென்று அட்மொப் சோதனை விளம்பரங்கள் தருகிறது.

சொந்தக்காரரின் பாசத்தைச் செலவழிக்க நல்ல இடம் வேறொன்று உண்டு. கூகிள் பிளேயில் ஆப் வெளியிட ஒரே ஒரு தடவை 25 டொலர் கட்ட வேண்டும். 2023 நவம்பர் 13 க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், ஆப்பை எல்லாருக்கும் விடுமுன் ஒரு சிறு கூட்டத்தை வைத்து 14 நாள் தொடர்ந்து சோதிக்க வேண்டும். முதலில் 20 பேர் கேட்டார்கள், 2024 டிசெம்பரில் 12 பேராகக் குறைத்தார்கள். கொழும்பில் தனி அறையில் இருக்கும் பெடியன் இந்தப் பன்னிரண்டு பேரைத் தேடி முகம் தெரியாதவர்களிடம் கெஞ்ச வேண்டும். புங்குடுதீவுக்காரருக்குச் சித்தி வீட்டோடு ஆள் நிறைந்துவிடும்.

புலம்பெயர்ந்தவர்களை நம்பிச் செய்கிற ஆப்பில் இரண்டு இடங்களில் கால் இடறும். முதலாவது ஐபோன். இலங்கையில் கையிலிருப்பது பெரும்பாலும் அன்ட்ரொயிட். கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஐபோன். விளம்பர விலை எங்கே கூடவோ அங்கேதான் நம் ஆப் ஓடாது! அப்பிளுக்கு வருடாவருடம் 99 டொலர், தொகுத்து அனுப்ப ஒரு மக் கணினி. ஃபிளட்டர் என்ற நிரலாக்கக் கருவியில் எழுதினால் ஒரே நிரலை இரண்டுக்கும் பாவிக்கலாம், மக் இல்லாதவர்களுக்குத் தொகுத்துக் கொடுக்கும் இணையச் சேவைகளும் உண்டு. 99 டொலரை விளம்பரக் காசே திருப்பித் தரும் என்று தெரிந்த பிறகு போவது புத்தி. முதல் வருடம் அன்ட்ரொயிட் போதும். ஐபோனில் இன்னொன்று: 2021 ஏப்ரலில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, பிற ஆப்களிலும் தளங்களிலும் ஒருவரைப் பின்தொடர வேண்டுமானால் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். பெரும்பாலானோர் மறுக்கிறார்கள். மறுத்தாலும் விளம்பரம் வரும், விலை கொஞ்சம் குறையலாம்.

இரண்டாவது இடறலைப் பலர் அறியவே மாட்டார்கள். ஐரோப்பியப் பொருளாதார வலயத்திலும் பிரித்தானியாவிலும் 2024 ஜனவரி 16 முதல், சுவிற்சர்லாந்தில் அதே வருடம் ஜூலை 31 முதல், கூகிள் அங்கீகரித்த முறையில் ஆப்பைப் பாவிப்பவரிடம் சம்மதம் கேட்டிருக்க வேண்டும். கேட்காத ஆப்பில் அவரவர் விருப்பத்துக்கு ஏற்ற விளம்பரங்கள் வராது, வருமானம் படுத்துவிடும். அதாவது பாரிஸ், லண்டன், சூரிச் எல்லாமே ஒரேயடியாகக் கையை விட்டுப் போகும். அட்மொப்பிலேயே அந்தச் சம்மதப் பெட்டியை இலவசமாக உருவாக்கிக்கொள்ளலாம், அரை நாள் வேலை. தமிழில் எழுதி வைத்தால் அம்மம்மாவும் வாசித்து அமத்துவார்.

விளம்பரங்கள் எந்த மொழியில் வரும் என்றும் கேட்பார்கள். கூகிள் தன் இணையத்தள விளம்பரச் சேவையான அட்சென்ஸில் 2018 பெப்ரவரியில் தமிழைச் சேர்த்தது. ஆனால் ரொறன்ரோ மாமாவின் போன் ஆங்கிலத்தில் இருக்கும், அவருக்கு வருவது பெரும்பாலும் ஆங்கில விளம்பரம்தான். விலை கூடியவையும் அவைதான்.

காசு கணக்கில் ஏறியதும் அது வங்கிக்கு வந்துவிட்டதாக எண்ணக் கூடாது. 10 டொலர் சேர்ந்ததும் விலாசத்தை உறுதிப்படுத்தக் கூகிள் ஓர் இரகசிய இலக்கத்தை அச்சிட்டுத் தபாலில் அனுப்புகிறது. மின்னஞ்சல் இல்லை, உண்மையான கடிதம். அது யாழ்ப்பாணம் வந்து, பண்ணைப் பாலம் தாண்டி, குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவு தபாற்கந்தோருக்கு வர வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் தூது போன புறாக்கள் இருந்ததாகச் சொல்லும் புறாக்கூடு நெடுந்தீவில் இன்னும் நிற்கிறது. கூகிளின் கடிதத்துக்குக் காத்திருக்கும்போது அந்தப் புறாக்களின் அருமை விளங்கும். படிவத்தில் தெரு, வீட்டிலக்கம் என்று கேட்கும். நமக்கு இருப்பது வட்டாரம். "7 ஆம் வட்டாரம், புங்குடுதீவு" என்பதை ஆங்கிலத்தில், தபாற்காரர் வழமையாகப் பார்க்கிற எழுத்திலேயே எழுத வேண்டும். வீட்டுப் பெயரையும் சேர்த்தால் நல்லது. வராவிட்டால் சில தடவை திரும்பக் கேட்கலாம், அதற்குப் பிறகு அடையாள ஆவணத்தைப் பதிவேற்றி உறுதிப்படுத்தும் வழி திறக்கும். இழுத்தடித்தால் விளம்பரத்தையே நிறுத்திவிடுவார்கள், தவணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெயரும் சில்லெடுக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான். அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முழுதாக முன்னுக்கு, வங்கிப் புத்தகத்தில் அதன் முதலெழுத்து மட்டும், பேஸ்புக்கில் பின்னுக்கு. கூகிளின் கொடுப்பனவுக் கணக்கிலும் வங்கியிலும் பெயர் ஒன்றாக இல்லாவிட்டால் அனுப்பிய காசு திரும்பிப் போகலாம். கணக்குத் திறக்கும் அன்றே அடையாள அட்டையில் இருக்கிற ஒழுங்கில் எல்லா இடத்திலும் கொடுத்துவிட்டால் பிறகு அலைச்சல் இல்லை.

100 டொலர் சேர்ந்தால்தான் கூகிள் அனுப்பும். அடுத்த மாதம் 21 ஆம் திகதிக்கும் 26 க்கும் இடையில் வங்கிக்குக் கிளம்பும். சேராவிட்டால் அடுத்த மாதத்தோடு கூடும். மேலே போட்ட கணக்கில் தினமும் ஆயிரம் பேர் இலங்கையில் என்றால் முதல் நூறு சேர ஏழு மாதம், கனடாவில் என்றால் முதல் மாதமே. வங்கியும் ஒரு கட்டணம் எடுக்கும், ஆகவே ஒவ்வொரு நூறையும் தனித்தனியே எடுக்காமல், அனுப்பும் எல்லையை உயர்த்தி முந்நூறு நாநூறாக எடுப்பது மிச்சம். டொலரில் வருவதன் பெறுமதியை 2022 இல் எல்லாரும் கண்டோம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயைச் சுற்றி நின்ற டொலர் மே மாதத்தில் 360 க்குப் போனது. அதே நூறு டொலர், இரண்டு மாதத்தில் 20,000 ரூபாயிலிருந்து 36,000 ஆனது. பருப்பும் பெற்றோலும் அதே வேகத்தில் ஏறின என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வியட்நாமில் டொங் நுவென் என்ற இளைஞர் தனியாகச் செய்த ஃபிளாப்பி பேர்ட் விளையாட்டு 2014 தொடக்கத்தில் விளம்பரத்தால் மட்டும் நாளொன்றுக்கு 50,000 டொலர் உழைத்ததாகச் செய்தி வந்தது. அந்தக் கதையை வைத்துக்கொண்டு இதில் இறங்குகிறவர்கள் ஏராளம். அவர் அதே வருடம் பெப்ரவரியில் தாங்க முடியவில்லை என்று விளையாட்டையே எடுத்துவிட்டார் என்பது கதையின் மிச்சம். தீவகத்துக்குப் பொருந்துவது அந்தக் கணக்கு இல்லை. ஓர் ஆயிரம் பேர் தினமும் திறக்கிற, வருடக்கணக்கில் நிற்கிற சின்ன ஆப்தான்.

அந்த ஆயிரம் பேர் கிடைத்த பிறகு, கூகிளை மட்டும் நம்பியிருக்கவும் தேவையில்லை. நெடுந்தீவில் விருந்தினர் விடுதி வைத்திருப்பவர், யாழ்ப்பாணத்தில் மண்டபமும் நகைக்கடையும் வைத்திருப்பவர், ஸ்காபரோவில் வீடு விற்கும் தமிழ் முகவர், இவர்களெல்லாம் தீவகத்துச் சனம் தினமும் பார்க்கிற ஒரு திரையில் மாதத்துக்கு ஒரு தொகை கொடுத்து இடம் பிடிப்பார்கள். கோயிலில் திருவிழா உபயம் யாருடையது என்று பெயர் போடுவதும், நினைவு தினத்துக்குப் பத்திரிகையில் படத்தோடு அறிவித்தல் கொடுப்பதும் நமக்கு நன்றாகப் பழகியவை. அந்தக் காசு வருடாவருடம் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனித் திருவிழா நாட்களில் நாட்காட்டிப் பக்கத்தின் தலையில் அன்றைய உபயகாரர் பெயர் என்றால், கூகிள் ஆயிரம் பார்வைக்குத் தருவதை ஒரு குடும்பம் ஒரு நாளுக்கே தாண்டிக் கொடுக்கும். இதற்கு அட்மொப்பை விட்டு விலகவும் வேண்டாம். நாமே பிடித்த விளம்பரத்தை முதலில் காட்டிவிட்டு, இடம் வெறுமையாகும்போது ஏலத்துக்கு விடும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. இந்தக் கொடுக்கல்வாங்கலை வங்கி வழியாக வைத்துக்கொள்வதே உத்தமம்.

வங்கி வழி என்றதும் வரி வரும். வெளிநாட்டுக்குச் செய்யும் சேவைக்கு அந்நியச் செலாவணியாக வங்கியூடாக வரும் வருமானம் முன்பு வரிவிலக்கில் இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அதற்கும் வரி உண்டு, ஆனால் 15 சதவீதத்துக்கு மேல் போகாது. தனிநபருக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரை விலக்கு, அதாவது மாதம் 150,000 ரூபாய். வேறு வேலையோ கடையோ இருந்தால் அந்த வருமானத்தையும் இதோடு கூட்டித்தான் பார்ப்பார்கள். இறைவரித் திணைக்களத்தின் வரி இலக்கத்தை இப்போதே எடுத்துவைக்கலாம், அதற்குக் காசில்லை. விளம்பரத்தில் மட்டும் மாதம் 150,000 ரூபாயைத் தாண்டுகிற தீவகப் பெடியனுக்கு, மிச்சக் கணக்கைப் பார்க்க ஒரு கணக்காளரைப் பிடிக்கக் காசிருக்கும்.